மூச்சு விடாதே

பெயின்டில் சேர்க்கும் ஃப்யூம்டு சிலிக்கா என்ற மிக நுண்ணிய தூளின் மூட்டையைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், அது தூள் மாதிரி இருக்காது. புகை மாதிரி எழும்பும். ஒரு லிட்டர் பீக்கரை முட்ட நிரப்பினால் சுமார் 50 கிராம்தான் தேறும். கரண்டியால் அள்ளித் தராசில் இருக்கும் பாத்திரத்தில் கொட்டுவதற்குள் கொஞ்சம் காற்றோடு போய்விடும். சற்று நேரம் கழித்து மேசை மேல் விரலால் கோடு இழுத்தால் கோடு தெரியும். 2023 ஜனவரியில், பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் அதில் 400 கிராம் எடைபோடுவது என் வேலையாக இருந்தது. பெங்களூர் பீண்யாவில் ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபில் இருந்தேன். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, அல்சூர் வீட்டுக் குளியலறையில், கர்ப்பச் சோதனை அட்டையில் இரண்டு கோடு பார்த்திருந்தேன்.

அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். வாணியம்பாடியில் அவள் அழுதாள், சிரித்தாள், பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள். "மூணு மாசம் முடியட்டும் கண்ணு. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே. கண் பட்டுடும். ஆபீஸ்ல மூச்சு விடாதே."

மறுநாள் தராசின் முன்னால் நின்றபோது அந்தக் கடைசி வாக்கியம் வேறு அர்த்தத்தில் காதில் விழுந்தது. மூச்சு விடாமல் எப்படி இருப்பது?

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மரச்சாமான்களுக்குப் பூசும் ஒளிபுகும் வார்னிஷ்தான் எங்கள் குழுவின் பொருள். வெயிலில் மரம் வெளுக்காமல் இருக்க அதில் மிக நுண்ணிய டைட்டானியம் டை ஆக்சைடோ துத்தநாக ஆக்சைடோ சேர்ப்போம். சுவர் பெயின்டில் வெள்ளை நிறத்துக்காகப் போடும் டைட்டானியம் 25 கிலோ மூட்டையில் வரும். அதன் துகள் 200, 300 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) இருக்கும், அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. வார்னிஷில் வெள்ளை தெரியக் கூடாது, புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்க வேண்டும். அதற்கு 10 முதல் 50 நானோமீட்டருக்குள் இருக்கும் ரகம் வேண்டும். சிலிக்கா, வார்னிஷ் வழியாமல் பிடித்து வைக்க. அதன் அடிப்படைத் துகள் 7 முதல் 40 நானோமீட்டர். ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகத்தான் காற்றில் மிதக்கும். நம் தலைமுடியின் கனம் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். ரத்தச் சிவப்பணு 7,000.

கெமிஸ்ட்ரி படித்தவள், ஆறு வருடம் இந்தத் தூள்களோடு இருந்தவள். ஆனாலும் அதுவரை ஒரு தடவைகூட 'இது உள்ளே போனால் எங்கே போகும்' என்று நான் தேடிப் படித்ததில்லை. அன்று மாலை மெட்ரோவில் படிக்க ஆரம்பித்தேன். பீண்யா இண்டஸ்ட்ரியிலிருந்து மெஜஸ்டிக், அங்கே மாறி அல்சூர். அடுத்த பல மாதங்களுக்கு அந்தப் பயண நேரம்தான் என் படிப்பறை.

முதலில் தெரிந்துகொண்டது நாள் கணக்கு. டாக்டர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார்கள். அன்று எனக்கு 5 வாரம் 3 நாள். உண்மையில் கரு உருவாகி மூன்று வாரம் தாண்டியிருக்கும். கரு உருவான 22-ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் குழாய் 28-ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் பெரும்பாலான உறுப்புகளின் அடிப்படை வடிவம் வந்துவிடுகிறது. அதாவது அம்மா சொன்ன மூன்று மாதம் முடியும்போது, குழந்தையின் உடம்பு கட்டி முடித்த வீடு மாதிரி. அப்புறம் நடப்பது வளர்ச்சியும் நேர்த்தியும். மூளை மட்டும் கடைசிவரை, பிறந்த பிறகும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும்.

அம்மாவின் அறிவுரையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் கலைந்துபோகும் கர்ப்பங்கள் நிறைய. ஊரெல்லாம் சொல்லிவிட்டு அப்புறம் ஒவ்வொருவருக்கும் துக்கத்தை விளக்கிக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்பதை அனுபவித்தவர்கள் வகுத்த வழக்கம் அது. அம்மாவே அனுபவித்தவள். ஆனால் எந்த வாரங்களில் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அதே வாரங்களைத்தான் அந்த வழக்கம் மூடி வைக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பது.

நுரையீரலில் இருந்து ஆரம்பிக்கலாம். கர்ப்பத்தில் பெண் சுவாசிக்கும் காற்றின் அளவே கூடுகிறது. முதல் மாதங்களிலேயே தொடங்கி, கடைசியில் நிமிடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல். மூச்சின் எண்ணிக்கை பெரிதாக மாறாது, ஒவ்வொரு மூச்சும் ஆழமாகிறது. ஆகவே ஒரே அறையில் இரண்டு பேர் நின்றால் கர்ப்பிணியின் நுரையீரலுக்குள் அதிகக் காற்றும் அதிகத் துகளும் போகும். பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். 20 நானோமீட்டர் அளவுள்ளதோ காற்றறைகள்வரை போய்ப் படியும். அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரு மைக்ரானைவிட, அதாவது 1,000 நானோமீட்டரைவிட, மெல்லியது.

எடின்பரோவில் 14 ஆண்கள் தாமாக முன்வந்து தங்க நானோ துகள்களைச் சுவாசித்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. சிலருக்குப் பதினைந்து நிமிடத்திலேயே ரத்தத்தில் தங்கம் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் சிறுநீரில் வந்துகொண்டிருந்தது. தங்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது உடம்பில் இயல்பாக இல்லாத, எளிதில் கரையாத உலோகம். கண்டுபிடித்தால் சந்தேகமே வேண்டாம். சின்னத் துகள்கள் பெரியவற்றைவிட எளிதாக ரத்தத்துக்கு வந்தன. நுரையீரலில் இருந்து ரத்தத்துக்கு வழி இருக்கிறதா என்ற கேள்வி எனக்கு அதோடு தீர்ந்தது. ரத்தத்திலிருந்து குழந்தைக்கு?

இங்கே நம் மொழியில் ஒரு விஷயம். பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் பாட்டிமார்கள் "நஞ்சு விழுந்துடுச்சா?" என்று கேட்பார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் இருக்கும் அந்த உறுப்புக்கு நஞ்சுக்கொடி என்பதுதான் பழகிய பெயர். அரைக் கிலோ எடை. அதன் விழுதுகளை விரித்துப் பரப்பினால் 10 சதுர மீட்டருக்கு மேல், பத்துக்குப் பன்னிரண்டு அறையின் தரை அளவு. தாயின் ரத்தம் அந்த விழுதுகளை நேரடியாக நனைத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு ரத்தமும் கலப்பதில்லை. நடுவில் இருக்கும் சுவர் ஆரம்பத்தில் 20 மைக்ரானுக்கு மேல், பிரசவம் நெருங்கும்போது 4 மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடும். வளரும் குழந்தைக்கு நிறைய ஆக்சிஜன் வேண்டுமே, அதற்காக. இன்னொன்று: முதல் 10, 12 வாரங்களுக்குத் தாயின் ரத்தம் அங்கே முழுவேகத்தில் பாய்வதே இல்லை. கருப்பைச் சுரப்பிகளின் ஊட்டத்தில்தான் கரு வளர்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. கொஞ்ச நாள்தான் நீடித்தது.

நஞ்சுக்கொடி எதையும் உள்ளே விடாத கோட்டை என்று ஒருகாலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். தாலிடோமைடு அந்த நம்பிக்கையை உடைத்தது. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, மசக்கைக்குக்கூடக் கொடுக்கப்பட்டு, 1961-இல் நிறுத்தப்படுவதற்குள் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தன. அது கரையும் மூலக்கூறு. திடத் துகளும் கடக்குமா என்பது இன்னும் பல பத்தாண்டுகள் கழித்தே சோதிக்கப்பட்டது. 2010-இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் விக் குழுவினர், பிரசவம் முடிந்து தாய்மார்கள் கொடுத்த நஞ்சுக்கொடிகளை உயிரோடு வைத்து, தாய்ப் பக்கமும் சேய்ப் பக்கமும் தனித்தனியாகத் திரவம் ஓடவிட்டார்கள். ஒளிரும் பாலிஸ்டைரீன் மணிகளைத் தாய்ப் பக்கத்தில் கலந்தார்கள்: 50, 80, 240, 500 நானோமீட்டர் என்று நான்கு அளவு. 240 வரைக்கும் இருந்தவை சேய்ப் பக்கம் வந்தன. 500 கடக்கவில்லை.

லேப் சோதனைதானே என்று சொல்லலாம். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தில் டிம் நவ்ரோட் குழுவினர் 2019-இல் வெளியிட்டது, அன்றாடக் காற்றைச் சுவாசித்த தாய்மார்களின் நஞ்சுக்கொடிகளைப் பற்றி. புகைபிடிக்காத பெண்கள். வண்டிப் புகையிலிருந்து வரும் கரித்துகள் குழந்தைப் பக்கத்துத் திசுவில் இருந்தது. மிகக் குறுகிய லேசர் துடிப்பை அடித்தால் கரித்துகள் வெள்ளையாக ஒளிரும்; அதை வைத்து எண்ணினார்கள். மாசு அதிகமுள்ள இடத்தில் வாழ்ந்தவர்களிடம் கன மில்லிமீட்டருக்குச் சுமார் 20,900, குறைவான இடத்தில் வாழ்ந்தவர்களிடம் சுமார் 9,500. 'குறைவு' என்ற பக்கத்திலும் ஆயிரக்கணக்கில் இருந்ததுதான் என்னை உட்காரவைத்தது. 2022-இல் அதே குழு ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஆய்வாளர்களோடு சேர்ந்து அடுத்த படிக்குப் போனது. 7 முதல் 20 வாரக் கருக்களின் கல்லீரல், நுரையீரல், மூளை மூன்றிலும் கரித்துகள். ஏழாவது வாரம். ரத்தம் முழுவேகத்தில் பாய்வதில்லை என்று நான் பிடித்து வைத்திருந்த நிம்மதி அந்த வரியோடு போனது. மெஜஸ்டிக்கில் மாற வேண்டியவள் ஒரு ரயிலை விட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

இருக்கிறது என்பது ஒன்று, கெடுக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதும் வாட்ஸாப் செய்திகள் அப்போதே எனக்கு வர ஆரம்பித்திருந்தன. அதனால் இதில் நிதானமாக இருக்க விரும்புகிறேன்.

2011-இல் ஜப்பானில், ஒசாகாவில், கர்ப்பிணி எலிகளுக்கு 70 நானோமீட்டர் சிலிக்காவையும் 35 நானோமீட்டர் டைட்டானியம் டை ஆக்சைடையும் ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். நஞ்சுக்கொடியிலும் குட்டிகளின் கல்லீரலிலும் மூளையிலும் துகள் இருந்தது. குட்டிகள் எடை குறைந்தன, சில கருக்கள் கலைந்தன. அதே சிலிக்கா 300 நானோமீட்டராகவோ 1,000 நானோமீட்டராகவோ இருந்தபோது இந்தப் பாதிப்பு இல்லை. இரண்டுமே என் மேசையில் இருக்கும் பொருள்கள் என்பதால் பயந்துபோய் அளவைக் கணக்குப் போட்டேன். ஓர் எலிக்கு ஒரு தடவையில் 0.8 மில்லிகிராம். என் உடம்பு எடைக்கு அதை மாற்றினால் ஒரு கிராமுக்கு மேல் தூளை நேராக என் ரத்தத்தில் கொட்டுவதற்குச் சமம். எவ்வளவு மோசமான லேபிலும் அது நடக்காது. அந்த ஆய்வில் எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது வேறு: துகளின் மேற்பரப்பில் அமினோ, கார்பாக்சில் தொகுதிகளை ஒட்டவைத்தபோது பாதிப்பு மறைந்தது. அளவு மட்டும் பேசுவதில்லை, மேல்தோலும் பேசுகிறது. ரத்தத்தில் இறங்கியவுடன் துகளின் மேல் புரதங்கள் போர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும், செல்கள் பார்ப்பது அந்தப் போர்வையைத்தான். 'நானோ ஆபத்து' என்றோ 'நானோ பாதுகாப்பு' என்றோ மொத்தமாக ஒரு வரியில் சொல்பவர்களை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை.

ஊசியில் ஏற்றாமல் சுவாசிக்கவைத்த ஆய்வும் உண்டு. டென்மார்க்கில் 2010-இல், கர்ப்பிணி எலிகள் தினம் ஒரு மணி நேரம் நானோ டைட்டானியம் கலந்த காற்றில் இருந்தன. கனமீட்டருக்கு 42 மில்லிகிராம், மிகப் புழுதியான தொழிற்சாலை அளவு. தாய் எலிகளின் நுரையீரலில் அழற்சி பல நாள் நீடித்தது. குட்டிகள் வளர்ந்தபின் நடத்தையில் மிதமான மாற்றங்கள் தெரிந்தன.

எல்லாவற்றையும்விட என் எண்ணத்தை மாற்றியது பிரிஸ்டலில் 2009-இல் செய்த செல் ஆய்வு. நஞ்சுக்கொடிச் செல்களை அடுக்கிச் சுவர் மாதிரி வளர்த்து, மேலே கோபால்ட்-குரோமியத் துகள்களை வைத்தார்கள். துகள்கள் சுவரைத் தாண்டவே இல்லை. ஆனாலும் கீழே இருந்த செல்களின் டி.என்.ஏ. சேதமானது. சுவரில் இருந்த செல்கள் தங்களுக்குள் சேதி கடத்தி, அந்தச் சேதி கீழே போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் நெருப்பு வராவிட்டாலும் புகையும் கூச்சலும் நம் வீட்டுக்குள் வரும் இல்லையா, அப்படி. தாயின் நுரையீரல் வீங்கினால் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் சுற்றும். நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய்கள் சரியாக விரியாமல் போகலாம். குழந்தைக்கு ஆக்சிஜனும் சத்தும் குறையலாம். துகள் குழந்தையைத் தொட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அதுவரை 'கடக்குமா, கடக்காதா' என்று தேடிக்கொண்டிருந்தவள் அன்றைக்கு அந்தத் தேடலை நிறுத்தினேன். என் நுரையீரலுக்குள் எவ்வளவு போகிறது என்பதைக் குறைப்பதுதான் வேலை.

எட்டாவது வாரம், பிப்ரவரி நடுவில், அம்மாவிடம் சொல்லாமல் என் மேலதிகாரியான சாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. வாழ்த்தினார், ஸ்வீட் எப்போ என்றார். தூள் எடைபோடுவதைப் பற்றிக் கேட்டேன். "டைட்டானியமா? அது டூத்பேஸ்ட்லயே இருக்கேம்மா. மாஸ்க் போட்டுக்கோ, போதும்" என்றார். பாதுகாப்பு அதிகாரியும் அதே டூத்பேஸ்டைச் சொன்னார்.

வாயில் போவதும் மூச்சில் போவதும் ஒன்றில்லை. குடலுக்குச் சளிப்படலமும் தடித்த சுவரும் உண்டு, வந்ததில் பெரும்பகுதி வெளியே போய்விடும். காற்றறைக்கு அந்த வசதி கிடையாது. சாப்பிடும் டைட்டானியத்தைப் பற்றியும் எல்லாரும் நிம்மதியாக இல்லை; உணவில் வெண்மைக்குச் சேர்க்கும் ஈ171 மரபணுவைச் சேதப்படுத்தாது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என 2021-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்ல, 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. காற்றில் என்றால், அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 2011-லேயே சாதாரண டைட்டானியம் தூளுக்குக் கனமீட்டருக்கு 2.4 மில்லிகிராமும், நானோ ரகத்துக்கு 0.3 மில்லிகிராமும் வரம்பாகப் பரிந்துரைத்திருக்கிறது. அதே வேதிப்பொருள், எட்டில் ஒரு பங்கு. அந்த வரம்பும் நுரையீரல் புற்றுநோயை மனதில் வைத்துப் போட்டது. வயிற்றில் இருக்கும் குழந்தையை வைத்துப் போட்டதில்லை. இதை அச்சடித்து எடுத்துப் போய்ச் சாரிடம் கொடுத்தேன். படித்தார். மறுநாளே என்னை ரிப்போர்ட் எழுதும் மேசைக்கு மாற்றினார்கள். நன்றி சொன்னேன். அம்மாவிடம் உண்மையைச் சொன்னபோது கோபித்துக்கொண்டாள், ஆனால் அந்த வாரமே வாணியம்பாடிக் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு எனக்குக் குங்குமம் அனுப்பினாள்.

தூள் வேலை நிற்கவில்லை. எடைபோட வேறு ஒருத்தி வந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண், கான்ட்ராக்டில் இருந்தவள், என்னை அக்கா என்பாள். அவளுக்குத் தராசைக் காட்டிக்கொடுத்ததே நான்தான். எப்படி மெதுவாக அள்ள வேண்டும், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஹூடுக்குள் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் தட்டிலிருந்த மாங்காய் ஊறுகாயைக் கேட்டு வாங்கினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "நாலாவது மாசம் அக்கா" என்றாள். விரல் விட்டு எண்ணினேன். நான் தராசை அவளிடம் ஒப்படைத்த அன்று அவளுக்கு ஆறு வாரம்.

"ஏன் சொல்லலை?"

"மார்ச்சுல கான்ட்ராக்ட் புதுப்பிக்கணுமே அக்கா. எங்க அம்மாவும் மூணு மாசம் ஆகட்டும்னாங்க."

எனக்குக் கை நடுங்கியது. என்னைக் காப்பாற்றுவதற்காக நான் கேட்டு வாங்கிய மாற்றம் அது. அந்தத் தாளை அச்சடித்தபோது என் வயிற்றைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. அந்த அறையின் காற்று அப்படியே இருந்தது, அதில் நிற்கும் ஆள்தான் மாறினாள்.

இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கர்ப்பிணி என்று தெரிந்ததும் வேறு வேலை கொடுப்பது நல்ல மனசு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் தெரிவதற்கே ஐந்து வாரம் ஆகிறது. சொல்வதற்கு எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ ஆகிறது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் வயிறு காட்டிக்கொடுக்கும்வரை ஆகிறது. அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில், 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வார விடுப்பு இருந்தது. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தாலே உரிமை வந்தது. அருமையான சட்டம். ஆனால் கடினமான வேலை கொடுக்கக் கூடாது என்று அது சொன்னது பிரசவம் நெருங்கும் கடைசி வாரங்களைப் பற்றி, அதுவும் அந்தப் பெண் கேட்டால். ஐந்தாவது வாரத்துக் காற்றைப் பற்றி அதில் ஒன்றும் இருக்கவில்லை. பெண் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் தொடங்கும் எந்தப் பாதுகாப்பும் முக்கியமான வாரங்களுக்குப் போய்ச் சேராது. காற்று எல்லாருக்குமே சுத்தமாக இருந்தால் மட்டும்தான் சேரும். குழந்தை பெறவே போகாத ஆணுக்கும் சேர்த்து.

லேபை விட்டு வெளியே வந்தாலும் இதே கதைதான் என்பதை அந்த மாதங்களில் பார்த்தேன். பெங்களூர் சாலையில், பக்கம் திறந்த ஆட்டோவில், பஸ்ஸின் புகைக்குழாய்க்கு நேராக முகம் இருக்கும். நம் நாட்டுக் காற்றுத் தரம் பி.எம். 2.5-ஐ, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளை, எடையில் அளக்கிறது: ஆண்டு சராசரி கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 5. எடையில் அளந்தால் நானோ துகள் தப்பிவிடும். 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு 100 நானோமீட்டர் துகள் 15,625 வேண்டும். மொத்த மேற்பரப்பு 25 மடங்கு. தராசுக்கு இரண்டும் சமம், நுரையீரலுக்குச் சமமில்லை. 2020 ஏப்ரலில் வந்த, வண்டிப் புகைக்கான பி.எஸ்.-6 விதிகளில் மட்டும் டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு இத்தனை துகள் என்று எண்ணிக்கை வரம்பு வைத்தார்கள். வண்டியின் புகைக்குழாயில் எண்ணுகிறோம், அதைச் சுவாசிப்பவர்கள் நிற்கும் தெருவில் எண்ணுவதில்லை.

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் எழுதினார்கள். பி.எம். 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. எடை குறைந்த குழந்தைகள் 2 சதவீதம் கூடினார்கள். நாலு கிராம் என்பது ஒரு ஸ்பூன் சர்க்கரை. ஒரு குழந்தைக்கு ஒன்றுமில்லை. விறகடுப்பு வீட்டுக்கும் கேஸ் அடுப்பு வீட்டுக்கும் நடுவில் 10 மைக்ரோகிராம் பத்து தடவை வரலாம் என்பதையும், ஏற்கெனவே இரண்டரைக் கிலோவின் விளிம்பில் பிறக்கும் குழந்தைகள் நம்மிடம் எத்தனை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். ஆனால் நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியா (தமிழ்நாட்டில்) உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து, பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு கொடுத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. கேஸ் அடுப்பு வீட்டுக் குழந்தைகள் சராசரி 2,921 கிராம், மற்றவர்கள் 2,898. பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பெண்கள் ஆய்வில் சேர்ந்தபோதே கர்ப்பம் 9 முதல் 20 வாரத்துக்குள் ஆகியிருந்தது. தாமதமாகப் போய்ச் சேர்ந்ததுதான் காரணமா என்று ஆய்வாளர்களே யோசித்திருக்கிறார்கள். நான் அந்த வரியின் கீழ் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குள் நடந்தது அதைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே எதிரில் இருந்தது அன்பு. என் அத்தை, கணவரின் அம்மா, அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவார். கொசு அதிகமான மாதங்களில் கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி. ஒரு கொசுவர்த்திச் சுருளை முழுதாக எரித்தால் 75 முதல் 137 சிகரெட் எரித்த அளவு நுண்துகள் வரும் என்று 2003-லேயே அளந்திருக்கிறார்கள். அதைச் சொன்னதும் அன்றே நிறுத்திவிட்டார், வலை கட்டிக்கொண்டோம். சாம்பிராணிக்குத்தான் பேச்சு நீண்டது. பிள்ளை பெற்றவளுக்கும் குளிப்பாட்டிய குழந்தைக்கும் தலையில் புகை காட்டாவிட்டால் சளி பிடிக்கும் என்பது அவருக்கு நாலு தலைமுறை அனுபவம். "உனக்கு நான் கெடுதல் செய்வேனாம்மா?" என்று கேட்டார். மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மகள் பிறந்த பதினொன்றாம் நாள், அத்தை தணலைக் கூடத்து வாசலுக்கு வெளியே வைத்துச் சாம்பிராணி போட்டுக் கும்பிட்டார். குழந்தையின் தலையை நான் உள்ளே இருந்து வெந்நீர்த் துண்டால் துடைத்து, மின்விசிறி இல்லாத அறையில் உலர்த்தினேன். இருவருமே பாதி விட்டுக்கொடுத்தோம்.

பயந்து ஒதுக்கத் தேவையில்லாததையும் சொல்லிவிடுகிறேன், கர்ப்பிணிகள் நிறையப் பேர் கேட்பதால். வெயிலுக்குப் பூசும் க்ரீமில் இருக்கும் நானோ துத்தநாகமும் டைட்டானியமும் ஆரோக்கியமான தோலைத் தாண்டி உள்ளே போவது மிக மிகக் குறைவு; க்ரீமாகப் பூசுங்கள், ஸ்ப்ரே வேண்டாம், அதை மூச்சில் இழுப்போம். காய்ந்த பெயின்டுக்குள் இறுகிய துகள் தானாக எழுந்து வராது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மட்டும் அந்த அறையில் இருக்காதீர்கள். என்95 மாஸ்க் இவ்வளவு சின்னத் துகளைப் பிடிக்காது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதற்குப் பிடிபடக் கடினமான அளவு, ரகத்தைப் பொறுத்து, 50 முதல் 300 நானோமீட்டருக்குள்தான்; அதைவிடச் சின்னவை காற்றில் தள்ளாடித் தள்ளாடி இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால் நன்றாகவே வேலை செய்யும்.

என் மகள் செப்டம்பரில் பிறந்தாள், 2 கிலோ 900. எனக்குப் பதில் தராசுக்கு வந்த கிருஷ்ணகிரிப் பெண்ணின் பையன் அக்டோபரில், 2 கிலோ 600. இந்த 300 கிராமுக்கும் அந்தத் தூளுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அவளுக்கு ரத்தசோகை இருந்தது, தினம் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தாள், ஊர்க்கணக்கில் 2 கிலோ 600 நல்ல எடைதான். பையன் இப்போது ஓடுகிறான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவனைத் தூக்கும்போதெல்லாம் அந்தத் தராசு ஞாபகம் வரும்.

விடுப்பு முடிந்து திரும்பியதும் நானும் அவளும் சேர்ந்து சாரிடம் போனோம். இந்தத் தடவை யாருக்கும் வேறு மேசை கேட்கவில்லை. சிலிக்காவையும் நானோ டைட்டானியத்தையும் தூளாக வாங்காமல், கரைப்பானில் ஏற்கெனவே கலந்த பேஸ்டாக வாங்கலாமா என்று கேட்டோம். ஈரத்தில் இருக்கும் துகள் காற்றில் எழும்பாது. விலை கொஞ்சம் கூட, எடைபோடும் நேரம் மிச்சம். தூளாகவே வேண்டிய ஒன்றிரண்டுக்கு, கையுறை பொருத்திய மூடிய பெட்டி. பழைய ஹூடில் காற்று வேகமாக இழுத்ததால்தான் இவ்வளவு இலேசான தூள் சுழன்று வெளியே வந்தது என்பதைப் புகைக் குச்சியைக் கொளுத்திக் காட்டினோம். நாலு மாதம் இழுத்தது. சார் கடைசியில் தலைமை அலுவலகத்தோடு சண்டை போட்டுத்தான் வாங்கினார், அதை மறைக்கக் கூடாது.

அந்த அறைக் கதவில் இப்போது கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தமிழ் வரிகள் அவள் கையெழுத்து. முதலில் 'கர்ப்பிணிகள் இங்கே தூளைக் கையாளக் கூடாது' என்று எழுதியிருந்தாள். அப்புறம் அவளே அடித்துவிட்டு, 'யாரும்' என்று மாற்றினாள்.